டிரிஃப்ட் டைவுக்கு எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது?

ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கி இருபது டைவ் வரை செய்திருக்கிறீர்கள். நண்பர்கள் நான்கு பேராக, வெதுவெதுப்பான கடலில் இருக்கும் ஒரு பவளப்பாறைக்கு முதல் டிரிஃப்ட் டைவ், அதாவது நீரோட்டம் கொண்டுபோகும் திசையிலேயே போகும் ஸ்கூபா டைவ், போகிறீர்கள். படகுக்காரர் "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நீரோட்டமே கூட்டிக்கொண்டு போகும்" என்று சொல்லிவிட்டார். அப்படியானால் திட்டமிட என்ன இருக்கிறது, கேமராவும் ரீஃப் ஹூக்கும் (ஓட்டத்தில் நிற்கப் பாறையில் மாட்டும் கயிறு கட்டிய கொக்கி) எடுத்துப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நீங்கள் இதுவரை செய்த டைவ்களில் படகு கட்டி நின்றிருக்கும். சுற்றிப் பார்த்துவிட்டு அதே கயிற்றுக்குத் திரும்பியிருப்பீர்கள். இந்த முறை திரும்பி வர வழி இல்லை. அப்படிப்பட்ட டைவில் எதையெல்லாம் தண்ணீரில் குதிப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்? நீரோட்டமுள்ள பாறைகளில் பல வருடங்களாக ஆட்களைக் கூட்டிப்போகிறவன் நான். எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், அனுபவத்தில் சரி என்று படுவதையும் பிரித்தே சொல்கிறேன்.

டிரிஃப்ட் டைவை முடியும் இடத்திலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிட வேண்டும். வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது நீங்கள் மேலே வரப்போகும் இடம். அங்கே அலை பாறைமீது உடையக் கூடாது, கப்பலோ வேகப்படகோ போகும் தடமாக இருக்கக் கூடாது, உங்கள் படகு தாராளமாகக் கிட்டே வர முடிய வேண்டும். அந்த இடத்திலிருந்து நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் அளந்துகொண்டே போனால் குதிக்க வேண்டிய இடம் கிடைக்கும். கணக்கு எளிது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 31 மீட்டர். ஒரு நாட் ஓட்டத்தில் 45 நிமிடம் கீழே இருந்தால் ஏறக்குறைய 1,400 மீட்டர் தள்ளிப்போயிருப்பீர்கள். பாறையின் நீளமே 800 மீட்டர்தான் என்றால் 26 நிமிடத்தில் பாறை முடிந்துவிடும். அதற்கு மேல் உங்களைச் சுற்றி நீலம் மட்டும்தான் இருக்கும். எவ்வளவு நேரம் டைவ் என்பதைச் சிலிண்டர் மட்டும் முடிவு செய்வதில்லை. பாறையின் நீளமும் தண்ணீரின் வேகமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. படகில் ஏறியதும் இந்த இரண்டையும் கேளுங்கள்.

நீரோட்டத்தை எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது? இதில் உறுதியான பகுதி நிலா. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகம், அதனால் ஓட்டமும் வேகம். அரைநிலா நாட்களில் இரண்டும் குறைவு. பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளி இருக்கும்; அதனால் இன்று காலை 9 மணிக்கு நன்றாக இருந்த இடம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளித்தான் அதே நிலைக்கு வரும். சந்தேகத்துக்குரிய பகுதி இதற்கு அப்புறம் வருகிறது. கைபேசியில் பார்க்கும் ஓத (கடல் ஏற்ற வற்ற) அட்டவணை தண்ணீர் எவ்வளவு உயரும் என்றுதான் சொல்கிறது. எந்த நேரத்தில் ஓட்டம் நிற்கும், எப்போது திசை மாறும் என்று அது சொல்வதில்லை. உச்ச ஏற்றத்தில் ஓட்டம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சில கால்வாய்களில் உச்ச ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளி அந்தந்தப் பாறையில் தினமும் இறங்குகிறவர்களுக்குத்தான் தெரியும்.

சில இடங்களில் ஓதத்தைவிடப் பெரிய ஓட்டம் ஆட்சி செய்கிறது. மெக்சிகோவின் கோசுமெல் தீவில் மேற்குக் கரையோரம் தண்ணீர் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே போகும். அங்கே டிரிஃப்ட் டைவ்தான் அன்றாட வழக்கம். மாலத்தீவில் பருவக்காற்றைப் பொறுத்துத் திசை மாறும்: வடகிழக்குப் பருவத்தில் ஓட்டம் பொதுவாகக் கிழக்கிலிருந்து மேற்கே, தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து கிழக்கே. பவளத்தீவு வளையங்களை வெட்டிச் செல்லும் கால்வாய்களில், வெளிக்கடல் நீர் உள்ளே பாயும் நேரத்தைத்தான் கைடுகள் தேர்ந்தெடுப்பார்கள். அப்போது தண்ணீர் தெளிவாக இருக்கும், கால்வாய் வாயில் சுறாக்களும் திருக்கைகளும் கூடும், கை நழுவிப் போனாலும் வளையத்துக்கு உள்ளேதான் போவீர்கள். தண்ணீர் வெளியே பாயும் நேரத்தில் அது கலங்கி வருவதோடு உங்களைத் திறந்த கடலுக்கும் கொண்டுபோய்விடும். முதல் டிரிஃப்ட் டைவ் ஒரு கால்வாயில் என்றால், தண்ணீர் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அட்டவணை என்ன சொன்னாலும் இடத்துக்குப் போய் ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டி நிற்கும் மிதவை எந்தப் பக்கம் சாய்கிறது, அதன் பின்னால் தண்ணீர் சுழிக்கிறதா என்று பாருங்கள். பத்து மீட்டர் நீளமுள்ள படகு கட்டி நிற்கிறது, முன்னால் போட்ட ஓர் இலை இருபது விநாடியில் பின்பக்கம் போய்ச் சேர்கிறது என்றால் மேற்பரப்பில் ஏறக்குறைய ஒரு நாட் ஓடுகிறது. ஆனால் மேலே ஓடுவதுதான் கீழேயும் ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்று மேல்தண்ணீரை ஒரு பக்கம் தள்ள, பதினைந்து மீட்டரில் தண்ணீர் எதிர்ப்பக்கம் போவதும் உண்டு. நல்ல கைடு முதலில் தானே மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு குதித்துப் பார்ப்பார். அப்படிப் பார்ப்பவர் கிடைத்தால் அவரோடு போங்கள்.

கீழே போனபிறகு பாறையே நிறையச் சொல்லும். மீன்கள் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துத்தான் நிற்கும். விசிறிப் பவளங்கள் தங்கள் அகன்ற முகத்தை ஓட்டத்துக்குக் குறுக்கே விரித்து வளர்ந்திருக்கும். அவை அடர்ந்திருக்கும் இடம் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் இடம். ஆரஞ்சு நிற ஆன்தியாஸ் மீன் கூட்டம் பாறையை விட்டு நன்றாக மேலே விரிந்து மேய்ந்தால் ஓட்டம் மிதம். அதே கூட்டம் பாறையோடு ஒட்டி ஒடுங்கினால் வேகம் கூடுகிறது. தரையோடு உரசுவதால் பாறைக்கு அருகே தண்ணீர் மெதுவாகத்தான் போகும். பெரிய பவளப் பாறாங்கல் ஒன்றின் பின்னால் தேங்கிய தண்ணீரும் இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மிதப்பைச் சரியாக வைத்துக்கொண்டு பாறையை ஒட்டித் தாழ்ந்து போங்கள், வேகம் வேண்டுமானால் இரண்டு மூன்று மீட்டர் ஏறுங்கள். உங்கள் கையில் உள்ள பெரிய கட்டுப்பாடு இதுதான். ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அடித்து எதிர்த்து நிற்பது ஒரு நாட் ஓட்டத்தில் நல்ல உடற்கட்டு உள்ளவருக்கே சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. மூச்சு வாங்கும், காற்று தீரும், கார்பன் டை ஆக்சைடு ஏறித் தலை வலிக்கும்.

பாறை ஒரு மூலையாக நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் கவனம் வேண்டும். அங்கே தண்ணீர் வேகம் பிடிக்கும். சுவரின் விளிம்பைத் தாண்டும்போது சில நேரம் கீழ்நோக்கிப் பாயும். அதை உடல் உணர்வதற்கு முன் கண் பார்த்துவிடலாம். சுவரோரம் மீன்கள் தலையை மேல்நோக்கி வைத்து நீந்தினால், முன்னால் போகிறவரின் குமிழிகள் ஏறாமல் சுற்றினால் அல்லது இறங்கினால், அங்கே தண்ணீர் கீழே போகிறது. மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதில் அனுபவசாலிகளிடையே ஒரே கருத்து இல்லை. மேல்நோக்கி நேராக அடித்துப் போராடுவது வீண் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போவார்கள். கீழ்ப்பாய்ச்சல் பெரும்பாலும் அகலம் குறைந்தது, அதனால் குறுக்காக நீந்தி வெளியேறச் சொல்வேன். சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் செத்த பாறையைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். எட்டாவிட்டால் சுவரை விட்டு நீலத்தை நோக்கி நீந்துவேன். பிசிடியில் (காற்றடித்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் அங்கி) காற்று சேர்க்கலாம், ஆனால் ஒரு கை காற்றை வெளியேற்றும் வால்வில் இருந்தே ஆக வேண்டும். கீழ்ப்பாய்ச்சலின் பிடி விட்டதும் அந்தக் காற்று உங்களை மேலே எறிந்துவிடும். கண் முழுக்க டைவ் கம்ப்யூட்டர் காட்டும் ஆழத்தில் இருக்கட்டும். முதல் டிரிஃப்ட் டைவுக்கு மூலைகளே இல்லாத, ஒரே சீராக நீண்டு கிடக்கும் பாறையைக் கேட்டு வாங்குங்கள்.

இறங்குவது பற்றி. படகு கட்டி நிற்காது, ஓடிக்கொண்டே உங்களை இறக்கிவிடும். ஒருவர் குதித்து ஒரு நிமிடம் கழித்து அடுத்தவர் குதித்தால் இருவருக்கும் இடையே முப்பது மீட்டர் விழுந்துவிடும். அதனால் நான்கு பேரும் ஒரே குரலுக்குக் குதித்து ஒன்றாக இறங்க வேண்டும். பிசிடியில் காற்றே இல்லாமல் தலைகீழாக உடனே இறங்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். வேகமான ஓட்டத்தில் அதற்குத் தேவை உண்டு, ஆனால் அதில் மேற்பரப்பில் நின்று சரிபார்க்கும் வாய்ப்பு போய்விடும். சிலிண்டர் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா, இன்ஃப்ளேட்டர் (பிசிடிக்குக் காற்றேற்றும் பொத்தான்) வேலை செய்கிறதா என்று படகிலேயே பாருங்கள்; மூச்சு விடும் ரெகுலேட்டரில் நாலைந்து மூச்சு இழுத்து, அழுத்தம் காட்டும் கேஜின் முள் அசையாமல் நிற்பதைப் பார்த்தபிறகே குதியுங்கள். உங்களில் யாருக்காவது காது மெதுவாகத்தான் திறக்கும் (ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகும்) என்றால் அந்த முறை வேண்டாம் என்று கைடிடம் சொல்லிவிடுங்கள். காது திறக்காதவரோடு அவருடைய ஜோடியும் மேலே போய்விட வேண்டும், மற்ற இருவரும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே சேர்ந்து இருப்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது: ஒரே ஆழம், பாறையிலிருந்து ஒரே தூரம். அப்படி இருந்தால் தண்ணீர் நால்வரையும் ஒரே வேகத்தில் கொண்டுபோகும். ஒருவர் பாறையோடு ஒட்டியும் இன்னொருவர் நான்கு மீட்டர் மேலேயும் போனால், யாரும் ஃபின் அடிக்காமலேயே பிரிந்துவிடுவீர்கள். பிரிந்தால் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள், ஆளைக் காணவில்லை என்றால் உங்கள் கையிலுள்ள அடையாள மிதவையை மேலே அனுப்பிவிட்டு நீங்களும் மேலே வாருங்கள். எதிரோட்டத்தில் தேடிப் போகவே கூடாது.

காற்றுக் கணக்கில் பாதிக் காற்றில் போய் மீதிப் பாதியில் திரும்புவது என்ற பழைய வழக்கம் இங்கே உதவாது, ஏனென்றால் திரும்புவது என்று ஒன்று இல்லை. வேண்டியது, எந்த அளவு வந்ததும் டைவை முடித்து மேலேறத் தொடங்குவது என்ற எண். 18 மீட்டரில் உங்கள் ஜோடிக்குக் காற்று தீர்ந்து இருவரும் உங்கள் சிலிண்டரில் மூச்சுவிடுவதாக வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இருவருக்கு 60. அந்த ஆழத்தில் அழுத்தம் 2.8 பார் (கடல் மட்டத்தில் ஏறக்குறைய 1 பார்) என்பதால் நிலைமையைச் சமாளிக்கும் ஒரு நிமிடத்துக்கு 168 லிட்டர் போகும். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற இரண்டு நிமிடம், ஏறக்குறைய 230 லிட்டர். மேலே வருமுன் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்புக்கு 270. மொத்தம் 670 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 12 லிட்டர் சிலிண்டரில் இது 55 பாருக்கு மேல். மிதவை விடுவதற்கும் நேரம் ஆகும் என்பதால் நான் 70 பார் என்று வைப்பேன். 200 பாரில் தொடங்கினால் கீழே செலவழிக்க 130 பார், அதாவது 1,560 லிட்டர் இருக்கிறது. நிதானமாக நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடுகிறவருக்கு 18 மீட்டரில் அது 28 நிமிடம் வரும். உங்கள் சொந்தச் செலவு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், முந்தைய டைவ் பதிவுகளிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். நால்வரில் அதிகம் மூச்சுவிடுகிறவரின் எண்ணே எல்லோருக்கும் எண். அதைப் பாறை நீளத்தோடு ஒப்பிட்டு, எது முதலில் முடிகிறதோ அதன்படி டைவை முடியுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது மிதவையை. ஆளுக்கொரு எஸ்எம்பி (கீழிருந்து காற்றடித்து மேலே அனுப்பும் அடையாள மிதவை), ஆளுக்கொரு ரீல் (அதன் கயிறு சுற்றிய உருளை). ஜோடிக்கு ஒன்று போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நின்றால் ஆள் உயரம் இருக்கும் பெரிய குழாயாக வாங்குங்கள். சின்ன அலையில்கூட மனிதத் தலை தேங்காய் அளவில் தெரிந்து மறையும், சூரியன் படகோட்டியின் கண்ணுக்கு நேரே இருந்தால் அதுவும் தெரியாது. சேஃப்டி ஸ்டாப்புக்கு முன்பே, ஆறேழு மீட்டரிலிருந்து மிதவையை மேலே அனுப்பிவிட்டால் படகு உங்களைப் பின்தொடர ஆரம்பித்துவிடும். ரீலை உடம்போடு ஒருபோதும் மாட்டாதீர்கள். சிக்கினால் மிதவை உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். கையில் பிடித்திருங்கள், சிக்கினால் விட்டுவிடுங்கள். இதை நீச்சல் குளத்திலோ அமைதியான கடலிலோ பழகி, மிதப்பு மாறாமல் விட வந்த பிறகுதான் டிரிஃப்ட் டைவுக்குப் போக வேண்டும். சில இடங்களில் ஆரஞ்சு மிதவை வழக்கமானது, மஞ்சள் மிதவை ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். இது எல்லா இடத்துக்கும் பொதுவான விதி அல்ல, படகில் கேட்டுக்கொள்ளுங்கள். விசிலும் சின்னக் கண்ணாடியும் எடையே இல்லாதவை, இரண்டையும் மாட்டிக்கொள்ளுங்கள். ஒதுக்குப்புறமான இடம் என்றால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் தனிநபர் பீக்கனை, ஆழம் தாங்கும் உறையில் போட்டு எடுத்துப்போவது நல்ல செலவு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2008 ஜூனில் இந்தோனேசியாவின் கொமோடோ பகுதியில் ஐந்து டைவர்களை நீரோட்டம் கொண்டுபோய்விட்டது. இரண்டு இரவுகளுக்குப் பிறகுதான் ரிஞ்சா தீவில் உயிரோடு கண்டுபிடித்தார்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் படகு ஒரு தம்பதியை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர்கள் கிடைக்கவே இல்லை. அது டிரிஃப்ட் டைவ் அல்ல, தலைகளை எண்ணியதில் நேர்ந்த தவறு. படகு ஓடிக்கொண்டே இருக்கும் டைவில் அதே தவறு நேர இன்னும் வாய்ப்பு அதிகம். அதனால் படகில் இவற்றைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்: நாங்கள் கீழே இருக்கும்போது குமிழிகளையும் மிதவையையும் பார்க்கத் தனியாக ஆள் உண்டா, பெயர் சொல்லி எண்ணுவீர்களா, ரேடியோ வேலை செய்கிறதா, எஞ்சின் நின்றால் என்ன செய்வீர்கள், எத்தனை நிமிடத்தில் வராவிட்டால் தேடத் தொடங்குவீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஒரு எண்ணாகப் பதில் வர வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் நான் அந்தப் படகிலிருந்து குதிக்க மாட்டேன்.

மேலே வந்து படகைக் காணவில்லை என்றால் பிசிடியை நிறையக் காற்றடித்து, நால்வரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, மிதவைகளை நிமிர்த்தி வைத்திருங்கள். நீந்திக் களைக்க வேண்டாம். மிதக்கச் சிரமமாக இருந்தால் எடைகளைக் கழற்றிப் போட்டுவிடலாம். வெதுவெதுப்பான கடல்தானே என்று வெட்சூட் (சூடு காக்கும் டைவ் உடை) இல்லாமல் இறங்காதீர்கள். 28 டிகிரி தண்ணீரும் உடல் சூட்டைவிடக் குறைவுதான். நீண்ட நேரம் அசையாமல் மிதந்தால் உடல் நடுங்கத் தொடங்கலாம். மூன்று மில்லிமீட்டர் சூட் சூட்டையும் காக்கும், மிதப்பும் தரும்.

சரி, ரீஃப் ஹூக். பலாவ் தீவின் புளூ கார்னர் மாதிரி இடங்களில் ஓட்டத்தில் நின்று சுறாக்களைப் பார்க்க அது பயன்படுகிறது. கைடு காட்டும் செத்த பாறையில் மட்டும் மாட்டி, லேசாக மிதந்து நிற்கத் தெரிந்தவர் கையில் அது பாறைக்கும் நல்லது. பத்துப் பேர் கையால் பிடித்துத் தொங்குவதைவிடப் பரவாயில்லை. ஆனால் அவிழ்க்கும்போது மிதப்பு கைவிட்டால் வேகமாக மேலே போய்விடுவீர்கள், தவறான இடத்தில் மாட்டினால் உயிருள்ள பவளம் பெயர்ந்து வரும். உருண்டைப் பவளங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. கொக்கி ஒரு நொடியில் பெயர்க்கும் துண்டு ஒரு தலைமுறையாக வளர்ந்ததாக இருக்கலாம். இந்தப் பயணத்துக்கு ஹூக் வேண்டாம். கையுறையும் வேண்டாம், பல கடல் பூங்காக்களில் தடை இருக்கிறது, கையுறை இல்லாத கை எதையும் பிடிக்கத் தயங்கும். கேமராவை இரண்டாவது டைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் டைவில் உங்கள் ஒரு கை இன்ஃப்ளேட்டருக்கும் மறு கை ரீலுக்கும் வேண்டியிருக்கும், ஒரு படத்துக்காக நின்ற அரை நிமிடத்தில் மற்ற மூவரும் பதினைந்து மீட்டர் போயிருப்பார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் மணிக்கட்டில் கட்டும் சின்ன ஆக்‌ஷன் கேமராவை ஓடவிட்டு மறந்துவிடுங்கள்.

நாள் தேர்வு உங்கள் கையில் இருந்தால் அரைநிலாவை ஒட்டிய நாளை எடுங்கள், அரை நாட் அளவு ஓட்டம் முதல் தடவைக்குப் போதும். அன்று காலையில் காற்று ஓட்டத்துக்கு எதிராக அடித்தால் அலை குத்துக்குத்தாக எழும்பும், மிதவை கண்ணில் படாது. அப்போது பாறையின் மறைவான பக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், மாற்ற முடியாது என்றால் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல நால்வரில் எவருக்கும் உரிமை உண்டு. காரணம் கேட்பதில்லை என்று கரையிலேயே பேசிக்கொண்டு கிளம்புங்கள்.